கன்வேயரை நிறுத்தியவர் யார்

நான் இப்போது இருக்கும் ஊரில் சிலர் ‘ஆமாம்’ என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மூச்சை மட்டும் உள்ளே இழுப்பார்கள். சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல ‘ஷ்ஷுப்’ என்று ஒரு சத்தம் வரும், அதுதான் ஆமாம். ஸ்வீடனின் வடக்குப் பகுதியில் இதெல்லாம் சாதாரணம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வந்த புதிதில், மேல்வீட்டுப் பெரியவர் லார்ஸிடம் “இன்றைக்குக் குளிர் அதிகம், இல்லையா?” என்று கேட்டேன். மனிதர் கண்ணை விரித்து மூச்சை இழுத்தார். நெஞ்சுவலிதான் வந்துவிட்டது என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று பதறினேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நகர்ந்தார். அதன் பிறகு கொஞ்ச நாள் என்னைக் கண்டால் லிஃப்டுக்கு நிற்காமல் படியேறிப் போய்விடுவார்.

ஒரு ஆமாமுக்கே இவ்வளவு சிக்கனம் என்றால் மற்றதைக் கேட்கவா வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் ஒரு மாடு புகுந்து போகிற அளவு இடம் விட்டு நிற்பார்கள். வயதானவர்கள் தெருவில் சந்தித்துக்கொண்டால் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். நான் வளர்ந்ததோ நெய்வேலி டவுன்ஷிப்பில். அங்கே ஒருவரிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர் எந்த பிளாக்கில் இருந்தார், எந்த மைன்ஸில் வேலை, எந்த ஷிப்டில் யாரோடு சண்டை, மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள் எல்லாம் தெரிந்துவிடும். மணி மட்டும் தெரியாது. எல்லா மாவட்டத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் ஊர் அது. சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாததால் பேசிப் பேசித்தான் உறவைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே, அதனால் அப்பா காலத்து ஆட்கள் பலர் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் வீடும் அங்கேதான். அப்பா சவரிமுத்து இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அம்மா தனியாக இருக்கிறாள். தெருமுனையில் பஷீர் பாயின் மளிகைக்கடை; அதிலேயே பால் பூத்தும். காலையில் பால் வேன் வரும்வரை கடைக்கு முன்னால் உள்ள சிமெண்டுப் பெஞ்சில் தெருவின் பெரியவர்கள் எல்லாரும் ஆஜர். அம்மாவுக்குக் கடைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். வேன் வந்து, பால் வாங்கி, பால் கெட்டுப்போகிற நேரம்வரை பேச்சு ஓடும்.

அந்தப் பேச்சில் அப்பாவுக்கு ஒரு கதை உண்டு. ஒன்றே ஒன்றுதான். அப்பா சுரங்கத்தில், கரியை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தார். ஒருநாள் காலை ஷிப்டில், பக்கத்து மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று எப்படியோ ஓடுகிற பெல்ட்டில் ஏறிவிட்டது. நிலக்கரியோடு சேர்ந்து அது போய்க்கொண்டே இருக்கிறது, கத்திக்கொண்டே இருக்கிறது. அப்பா ஓடிப் போய் அவசரக் கயிற்றை இழுத்துவிட்டார். ஒரு பெல்ட் நின்றால் அதற்குப் பின்னால் வருகிறவை எல்லாம் நிற்கும். கடைசியில் கரி தோண்டுகிற ராட்சத இயந்திரமும் நிற்கும். ஆடு குதித்து இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அதிகாரி வந்து, “ஆடு முக்கியமா, கரி முக்கியமா?” என்று எகிறினாராம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று, “ஆடு கத்துச்சு சார், கரி கத்தல” என்றாராம்.

மெமோ வந்தது. ஆனால் அந்த வாக்கியம் பிளாக் பிளாக்காகச் சுற்றியது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், “என்ன சவரி, ஆடு போட்டுட்டாங்களே, கத்துச்சா?” என்பார்கள். அப்பா பெரிதாக எதையும் சாதித்தவர் இல்லை. மேடை ஏறியதில்லை, சங்கத்தில் பதவி வகித்ததில்லை, நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசக்கூட மாட்டார். வாழ்நாளில் எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

இந்தக் கதையை நான் ஸ்வீடனிலும் சொல்லிப் பார்த்தேன். அலுவலகத்தில் காலையில் எல்லாரும் சேர்ந்து காப்பி குடிக்கும் நேரத்துக்கு ‘ஃபீக்கா’ என்று பெயர். அங்கேதான் கொஞ்சம் வாயைத் திறப்பார்கள். நான் முதலில் பழுப்பு நிலக்கரியை விளக்கினேன், பிறகு கன்வேயரை, பிறகு எங்கள் ஊர் ஆடு எங்கே வேண்டுமானாலும் போகும் என்பதை. கடைசியில் அப்பாவின் வாக்கியத்தைச் சொல்லி நிமிர்ந்தால், ஷெஷ்டின் என்ற தோழி மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: “அதற்குப் பிறகாவது அங்கே வேலி போட்டார்களா?” நான் என்ன சொல்ல? போட்டார்கள் என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு நிம்மதி.

போகட்டும், அவர்களுக்குப் புரியாது, நம் ஊரில் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல வெளியே கிடக்கிற உங்கள் எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒன்று ஊரில் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் உண்டுதானே? எனக்கும் இருந்தது, போன விடுமுறைக்குப் போகும்வரை.

போய் இறங்கிய மறுநாள் காலை அம்மாவோடு பால் வாங்கப் போனேன். பால் வேனுக்குப் புது டிரைவர். பஷீர் பாய் அவரை நிற்க வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாய் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை பார்த்தவரில்லை. ஆனால் சுரங்கத்துக் கதைகளுக்கு அவர்தான் ஆள்.

“நம்ம கலியபெருமாளு அண்ணன் இருக்காரே, சும்மா நெனைக்காத. ஒரு ஆட்டுக்காக மைன்ஸையே நிறுத்துன மனுஷன்! ஆபீசரு வந்து குதிக்கிறாரு. ஆடு முக்கியமா, கரி முக்கியமாய்யாங்கறாரு. அண்ணன் அசராம கையக் கட்டிக்கினு நின்னுக்கினு சொல்றாரு பாரு, ‘ஆடு கத்துச்சு சார், கரி கத்தல!’”

பெஞ்சே குலுங்கியது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கலியபெருமாள் மாமா, அப்பாவோடு அதே ஷிப்டில் இருந்தவர், தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

“பாய், அது எங்கப்பா!” என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

“அட, எப்பம்மா வந்த? நல்லா இருக்கியா? அங்க ஒரே பனியாமே?” என்றார் பாய்.

“கன்வேயரை நிறுத்தினது எங்கப்பா. மெமோ வாங்கினதும் அவருதான்.”

“உங்கப்பாவும் தங்கமான மனுஷன்மா. யாரு இல்லன்னது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது விஷயம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, “பாக்கெட்டு ஒழுகுது, வா போலாம்” என்றாள். பாக்கெட் ஒழுகவே இல்லை.

வீட்டுக்குள் போனதும் பிடித்துக்கொண்டேன். “உனக்குத் தெரியாதாம்மா? ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த?”

“கத்தாத. தெருவுக்கே கேக்குது,” என்றபடி அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். “எனக்குத் தெரியாதா? மெமோவ வாங்கிக்கினு வந்து நின்னவருக்குச் சோறு போட்டதே நான்தான்.”

“அப்புறம்?”

“கலியபெருமாளு அண்ணன் சம்சாரம் போனதுக்கு அப்புறம் அவருக்குப் பேச்சே நின்னுபோச்சு. பெஞ்சுல ஓரமா குந்திக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருப்பாரு. பாய்க்குத்தான் வயசாவுதே, ஒருநாளு ஆள் மாத்திச் சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சாரு. இல்ல பாய், அது எங்க வூட்டுக்காரருன்னு சொல்ல நான் வாயத் தொறந்தேன். அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். மூடிக்கினேன்.”

“அதுக்காக அப்பாவைத் தூக்கிக் கொடுத்துடுவியா?”

“உங்கப்பாவ நான் யாருக்கும் குடுக்கல. அவரு பேசின பேச்சு ஒண்ண அவரு கூட்டாளிக்குக் குடுத்தேன்.” பால் பொங்கி வர, அம்மா தீயைக் குறைத்தாள். “நான் மயக்கம் போட்டு வுழுந்தன்னிக்கி ஆட்டோவப் புடிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அண்ணன்தான். நீ போன்ல அழுதுக்கினு இருந்த. தப்பு சொல்லலடி. நீ அங்க இருக்க, அவரு இங்க இருக்காரு.”

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நான் ஊரில் இல்லை, சரி. அதற்காக அப்பாவும் இல்லாமல் போய்விட வேண்டுமா? பெஞ்சில் ஒருவர் உட்காராமல் போனால் அவர் சொன்னதை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் வாயில் வைத்துவிடுவார்களா? இது எந்த ஊர் நியாயம்? அன்று முழுவதும் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரங்களைத்தான் டங்கு டங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானே கதையைச் சொல்வது என்று முடிவு செய்து போனேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த பெண் அல்லவா. நான் பெல்ட் எங்கே ஆரம்பித்தது, கயிறு எங்கே இருந்தது, ஒன்று நின்றால் ஏன் எல்லாம் நிற்கும் என்று விளக்கிக்கொண்டே போனேன். சுரங்கத்திலேயே தலை நரைத்தவர்களுக்கு நான் கன்வேயரை விளக்கிக்கொண்டிருக்கிறேன்! ஃபீக்கா மேசையில் சொல்லிச் சொல்லி என் நாக்கு அப்படியே பழகிப்போயிருந்தது. அப்பாவின் வாக்கியத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் “ம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா கதையை நான் சொல்லி யாரும் சிரிக்கவில்லை என்பதை இதை எழுதும்போதுகூட என்னால் தாங்க முடியவில்லை.

கலியபெருமாள் மாமாதான் நிமிர்ந்து பார்த்தார். “பாப்பா சொல்றது நெசந்தாங்க. கயித்த இழுத்தது சவரி அண்ணன்தான். நான் பின்னால ஓடியாந்தேன், அவ்ளோதான்” என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு நொடிதான். பஷீர் பாய் தொடையைத் தட்டிக்கொண்டு, “பாத்தீங்களா! இதான் அண்ணன். ஒரு பேரு கெடைச்சா அதக்கூட அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாரு!” என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள். மாமா ஏதோ சொல்ல வந்தார், யாரும் விடவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அந்த மனிதருக்குத் தன்னடக்கமானவர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. அதன் பிறகு விடுமுறை முடியும்வரை நான் பால் வாங்கப் போகவில்லை.

கிளம்புகிற அன்று காலை, சென்னை விமான நிலையத்துக்குப் போக கார் வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் போனால் நன்றாக இருக்காது என்று அம்மா வற்புறுத்தியதால் தெருமுனையில் காரை நிறுத்தி அவளோடு இறங்கினேன். சேத்தியாத்தோப்பிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒரு அம்மாள் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “இது யாருங்க?” என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். என்னைச் சமாதானப்படுத்த நினைத்திருக்கிறார் பாவம், அவர் குரலிலேயே தெரிந்தது. “மேரியக்கா பொண்ணு. இவங்கப்பா லேசுப்பட்ட ஆளு இல்லீங்க. நம்ம அண்ணன் ஆட்டுக்காகக் கன்வேயர நிறுத்துனாரு இல்ல, அன்னிக்கி அவருகூடவே நின்ன ஆளு.”

“அப்பிடியாம்மா?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

பெஞ்சில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலியபெருமாள் மாமா மட்டும் பார்க்கவில்லை. கையில் இருந்த பால் கூடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் நான் போய்விடுவேன். நாளைக் காலையும் அம்மா இதே நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொரு முறை மயங்கி விழுந்தால் இந்தப் பெஞ்சில் இருப்பவர்தான் எழுந்து ஓட வேண்டும்.

“ஆமாங்க,” என்றேன். “அப்பாவும் கூடத்தான் இருந்தாரு.”

மாமா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். நான் காரில் ஏறிக்கொண்டேன். டிரைவர் ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். பாய் அந்தப் புது அம்மாளுக்குக் கதையை ஆரம்பித்துவிட்டார் என்பது அவர் கை போன போக்கிலேயே தெரிந்தது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வாய் அசைந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எந்தச் சொல்லுக்குச் சிரித்தார்கள் என்று காருக்குள் எனக்கு மட்டும் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.