பிரியாணிக்கு ஒரு வாழ்த்து

சாரல் தொடங்கிவிட்டால் போதும், தென்காசியில் வீடிருக்கிறவர்களை எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் தேடி வரும். குழந்தைகள் இல்லத்திலிருந்து இந்த வளர்ப்பு வீட்டுக்கு நான் வந்த முதல் சாரலிலும் அம்மாவின் அண்ணன், அத்தை, அவர்களுடைய இரண்டு பெண்கள் என்று வந்து இறங்கினார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. அவர்கள் கண்ணுக்கு நான் வந்து ஒட்டிக்கொண்டவளாகத் தெரியக் கூடாது, இந்த வீட்டுப் பிள்ளையாகத் தெரிய வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஐந்தருவியில் அம்மா என் கையை விடவே இல்லை. பக்கத்தில் குளித்தவள் யாரோ கேட்டதற்கு, "எம் மவதான்" என்றாள். மிதந்துகொண்டுதான் வீடு வந்தேன்.

அருவியில் நின்றுவிட்டு வந்தால் கொலைப்பசி எடுக்கும். ஈரத் தலையோடு எல்லோரும் உட்கார்ந்தோம். இலையில் பிரியாணி விழுந்தது. அவ்வளவுதான், என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. இல்லத்தில் பிரியாணி என்றால் வெளியே யாருக்கோ பிறந்தநாள், யாரோ தருவது. சாப்பிடும் முன் எழுந்து கும்பிட்டு வாழ்த்த வேண்டும். "இன்று எங்களுக்கு உணவு வழங்கிய குடும்பத்தார் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முழுதாகச் சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தால் ஒருவர் கையும் இலையில் இல்லை.

"பாவம்" என்றாள் அத்தை. அந்த ஒரு சொல்லில் என் மானம் கப்பலேறிவிட்டது. சின்னவள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா அதைப் பிடுங்கி அணைத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது. செத்துத் தொலையலாம் போலிருந்தது எனக்கு.

கை கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க மறுபடியும் கும்பிட்டேன். பாழாய்ப்போன கைக்கு வேறென்ன தெரியும்?

"ஏட்டி, அந்தக் கைய மொதல்ல கீழ எறக்கு" என்றாள். "ஒன்னைய யாரு என்ன நெனச்சா எனக்கென்ன? எங்க அண்ணன் முன்னால என்னைய யாரோ சோறு போட வந்தவளா ஆக்கிட்டியே."

அதுவரை வெட்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கண்ணுக்கு என் அம்மாவாகத் தெரிய அவளும் அங்கே பாடுபட்டுக்கொண்டிருந்தாள் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. கையை இறக்கினேன். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. நன்றி சொல்லத்தான் தெரியும்.