சிவப்பு நம்பர் போட்ட வெள்ள லிஸ்ட்

சுளீரென்று வெயில். ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. ஆட்டோ மேலே கட்டிய ஸ்பீக்கர் கீச்சென்று கத்திவிட்டு அடங்குகிறது... உள்ளே மைக்கோடு நான். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெள்ளம் வருகிறது, கிளம்புங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்!

திருச்சிக்காரர்களுக்கு இது புதிதில்லை. இங்கே வெள்ளம் வர இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. கர்நாடகாவில் கொட்டி மேட்டூர் நிரம்பினால், முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் மொட்டைமாடியில் வடகம் காயும்போதே ஆற்றில் தண்ணீர் கரையேறும்.

எனக்கு அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தாலுகா ஆபீசில் ஜூனியர் அசிஸ்டென்ட். கொள்ளிடக் கரையோரம் இருந்த நாற்பது சொச்சம் குடிசைகளையும் சாயங்காலத்துக்குள் காலி செய்து, எல்லோரையும் ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத நேரமில்லை.

அப்போதுதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்.

அந்தக் குடிசைகள் இருந்தது புறம்போக்கு நிலம். சித்திரையில்தான் ஆக்கிரமிப்புக் கணக்கெடுத்து, கதவுக்குக் கதவு சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டிருந்தோம். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். டைப் அடித்த லிஸ்ட் பீரோவில் தயாராக இருந்தது. தலைப்பை மட்டும் மாற்றி ஜெராக்ஸ் எடுத்தேன். ஆபீசரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைக்கில் கூப்பிட ஆரம்பித்தேன்.

"ஒண்ணாம் நம்பர் வீடு... ரெண்டாம் நம்பர் வீடு... சாமான எடுத்துக்கிட்டு கிளம்புங்க..."

ஒருத்தரும் அசையவில்லை. ஏழாம் நம்பரைத் தாண்டியதும் படபடவென்று கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. சிலர் வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினொன்றாம் நம்பர் செல்வி அக்கா. கரையில் கீரைப் பாத்தி போட்டு, திருவானைக்காவலில் கூடை வைத்து விற்பவர். ஆட்டோவுக்கு முன்னால் வந்து மறித்து நின்றார்.

"ஏம்மா, சித்திரையில இடிக்கத்தான நம்பர் போட்டீங்க? இப்ப அதே நம்பர கூப்பிடுறீங்க. நாங்க அந்தப் பக்கம் போனதும் புல்டோசர் இந்தப் பக்கம் வரும். அதான?"

"அக்கா, சத்தியமா தண்ணி வருதுக்கா!"

"தண்ணி வந்தா கூரை மேல ஏறிக்குவோம். வீடு போச்சுன்னா எங்கம்மா ஏறுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடிப்பதற்கு எடுத்த லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, காப்பாற்ற வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? முக்கொம்பில் அதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எந்தெந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அக்காதான் வழி சொன்னார். "தண்ணி வடிஞ்சதும் இதே எடத்துக்கு வந்துடலாம், வீட்டத் தொட மாட்டோம்னு எழுதிக் குடுங்க. கையெழுத்து போட்டுக் குடுங்க, போறோம்."

அப்படி எழுதித்தர எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ஆபீசருக்கு போன் போட்டேன்... லைன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பார்.

ஆட்டோ சீட்டில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் தாளைக் கிழித்துக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். வீட்டுக்கு ஒரு சீட்டு. பெயர், இரண்டு வரி, கீழே என் கையெழுத்து. சீட்டு கைக்கு வந்ததும் அந்தக் குடும்பம் எழுந்தது. பாத்திர மூட்டை, டிவி, ஆட்டுக்குட்டி, சுருட்டிய பாய்... பொழுது சாய்வதற்குள் கரை காலி.

மறுநாள் காலையில் பாலத்தில் நின்று பார்த்தேன். ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து மண்சுவர் கரைந்து போயிருந்தது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்து சுவரைப் பூசிக் குடியேறினார்கள்.

வெட்கப்பட வேண்டியது அதற்கப்புறம் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து நிஜமாகவே புல்டோசர் வந்தது. ஊருக்கு வெளியே மாற்று வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஃபைலைக் கட்டிக்கொண்டு நானும் நின்றிருந்தேன். செல்வி அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, வந்திருந்த பெரிய ஆபீசரிடம் நீட்டினார்.

அவர் படித்துவிட்டுக் கேட்டார். "யார் கையெழுத்து இது?"

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"தெரியலைங்க சார். வெள்ளத்தப்ப ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு."

சீட்டைத் திரும்ப வாங்கி, கவருக்குள் வைத்துக்கொண்டு சாமான் கட்டப் போய்விட்டார்.

இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. தாழ்வான பகுதிகளை மேப்பில் கலர் கலராகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆட்டோவில் ரெக்கார்ட் செய்த குரல் போகிறது. கரையில் குடிசை இல்லை, கீரைப் பாத்தி இல்லை, வெள்ளம் பார்க்க வந்தவர்கள் செல்பி எடுக்கிறார்கள். இந்த ஆடியிலும் எல்லோருடைய மொபைலுக்கும் மெசேஜ் போனது... "பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." அந்த வாசகத்தைப் பார்த்து ஓகே சொல்கிற நாற்காலியில் இன்று நான் இருக்கிறேன். கீழே யார் பெயரும் இருக்காது. யாரும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதும் இல்லை. சௌகரியமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரிய ஆபீசர் இந்த ஃபேஸ்புக் குரூப்பில் இருக்கிறாரா, தெரியவில்லை. இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் செல்வி அக்காவுக்காவது சொல்லிவிடுகிறேன்.

அது என் கையெழுத்துதான் சார்.