குரல் கட்சியும் எழுத்துக் கட்சியும்

சலூன்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் யாருக்கும் எந்தக் கலையும் கற்றுக்கொடுத்ததில்லை. யாரையும் அடித்ததுமில்லை, கொசு வந்தால்கூடத் துண்டை விசிறி, போ என்று சொல்லிப் பார்ப்பார். ஆனாலும் பட்டம் பொருந்தித்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை அங்கே பழைய குங்ஃபூ படங்களைத் தவிர வேறெதுவும் ஓடியதில்லை. பாட்டு கிடையாது, செய்தி கிடையாது. உலகத்தில் எங்கே போர் மூண்டாலும் அந்தக் கடைக்குத் திங்கட்கிழமைதான் தகவல் போகும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இத்தனை படங்களில் ஒன்றைக்கூட மாஸ்டர் கண்ணால் முழுதாகப் பார்த்ததில்லை.

எப்படிப் பார்ப்பது? ஒருவருடைய தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டு, வில்லன் எந்தக் கூரையிலிருந்து குதிக்கிறான் என்று திரும்பிப் பார்த்தால், அப்புறம் அந்த வாடிக்கையாளர் அடுத்த வாரம் வரமாட்டார். எந்த வாரமும் வரமாட்டார். ஆகவே மாஸ்டர் படங்களைக் காதால் பார்த்தார். குத்து விழுந்தால், அது நெஞ்சிலா முகத்திலா என்று சத்தத்தை வைத்தே சொல்வார். நம் மொழியில் குரல் கொடுத்தவர்கள் யார் எவரென்று பெயர் தெரியாது. ஆனால் அத்தனை பேரையும் தொண்டை வழியாகத் தெரியும். ஒரே மனிதர்தான் கதாநாயகனின் அப்பாவுக்கும், அப்பாவைக் கொன்றவனுக்கும், கொன்றவனின் குதிரைக்கும் குரல் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தது மாஸ்டர்தான். அந்தக் குதிரைக் கனைப்பைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

கடையின் அமைப்பையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலிக்கு முன்னால் இருக்கும் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. டிவி அதற்கு நேர் எதிர்ச்சுவரில் உயரத்தில் தொங்குகிறது. டிவிக்கு அடியிலேயே காத்திருப்பவர்களின் பெஞ்சு. ஆக, நாற்காலியில் இருப்பவரும் சரி, பெஞ்சில் இருப்பவரும் சரி, கண்ணாடிக்குள்தான் படம் பார்த்தாக வேண்டும். இதனால் அந்தக் கடையில் ஒரு தலைமுறையே, அந்தப் பெரிய கதாநாயகன் இடது கைக்காரன் என்று நம்பி வளர்ந்தது. இடது கையால் அடிப்பதுதான் அவனுடைய ரகசியம் என்று வேன் டிரைவர் ஒருவர் ஆராய்ந்து சொன்னார். சபை ஏற்றுக்கொண்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர்: கம்பாசிட்டர்.

கம்பாசிட்டர் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் ஈய எழுத்துக்களைக் கோத்தவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். கல்யாணமானதைக்கூடப் பத்திரிகையை எடுத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார் என்று அவர் மனைவியே சொல்வதுண்டு. படம் என்றால் அந்த நாட்டுக்காரன் அவன் பாஷையிலேயே பேச வேண்டும், கீழே எழுத்து ஓட வேண்டும், அதைத்தான் மானமுள்ளவன் பார்ப்பான் என்பது அவர் கட்சி. வீட்டில் அப்படித்தான் பார்த்தார். ஆனால் ஞாயிறு பத்து மணிக்குச் சவரம் என்ற பெயரில் எதிரியின் கோட்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"வாயை மூடி மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பேசிட்டே இருக்கான். வயித்துல இருந்து பேசுறானா?" என்பார்.

"ஆடாதீங்க, கத்தி பட்டுரும். அவன் வீரன். வாயை மூடினாலும் பேசுவான்."

"வாயை எட்டு தடவ திறக்குறான், உங்க ஆளு ‘ம்’னு ஒரு எழுத்து சொல்றான்."

"அந்த ‘ம்’முக்கு உள்ள எவ்வளவு சோகம் இருக்குன்னு காது இருக்கிறவனுக்குத்தான் தெரியும். எழுத்தெல்லாம் செவிடனுக்குப் போட்டது, கம்பாசிட்டர்!"

"அப்ப உங்க படம் குருடனுக்குப் போட்டதுய்யா!"

பெஞ்சு சிரிக்கும். இந்த இரண்டு வசனங்களும் வாரம் தவறாமல் அரங்கேறும். சொன்னால்தான் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அப்படி இருந்த கம்பாசிட்டர் ஒரு கட்டத்தில் சாந்தமாகிவிட்டார். முதலில் மாஸ்டர் கவனிக்கவில்லை. வில்லனின் சிரிப்பு வாய் மூடிய பிறகும் ஓடுகிறது. கம்பாசிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. கிழவியின் குரலை ஒரு ஆம்பிளை பேசுகிறான், சொல்லவில்லை. கண்ணாடிக்குள் மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு புன்னகை செய்கிறார், தலையாட்டுகிறார். சரி, வயதாகிறது, உண்மை புலப்படத் தொடங்கிவிட்டது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருட உழைப்பு வீண்போகவில்லை என்று வீட்டில் சாப்பிடும்போது சொல்லவும் செய்தார்.

"என்னது, உங்க பேச்சை ஒருத்தர் ஒத்துக்கிட்டாரா?" என்றாள் மனைவி. "உடம்புக்கு முடியலையோ என்னவோ, போய் விசாரிங்க."

விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, குனிந்து காதோரம் மழித்துக்கொண்டே, வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டார்: "என்ன கம்பாசிட்டர், எழுத்தெல்லாம் செவிடனுக்குப் போட்டதுதானே?"

கம்பாசிட்டர் கண்ணாடியைப் பார்த்து, "ஆமாமா, ரொம்ப சரி" என்றார்.

பெஞ்சு அதிர்ந்தது. வேன் டிரைவர் துள்ளி எழுந்து, கட்சி மாறிட்டாரு, கட்சி மாறிட்டாரு என்று கை தட்டினார். கம்பாசிட்டரும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சவரம் முடிந்ததும் முகத்தைத் துடைக்கக்கூட நில்லாமல் காதுமடலில் நுரையோடு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாஸ்டர் அந்த நேரத்துக்கு வேறு யாரையும் உட்கார விடவில்லை. நாற்காலியைத் துடைக்கிறேன் என்று அரை மணி நேரம் துடைத்தார். படம் ஓடியது. குதிரை கனைத்தது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஆளில்லாத படத்தை என்னவென்று ரசிப்பது?

புதன்கிழமை கம்பாசிட்டரின் மனைவி கடை வாசலில் வந்து நின்றார். ஆண்கள் கடை என்பதால் உள்ளே வரத் தயங்கினார். மாஸ்டர் துண்டை உதறிப் போட்டுவிட்டு வெளியே போனார்.

"அண்ணே, நான் வந்தேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"சொல்லும்மா. உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. காதுதான். ஆறு மாசமா ஒண்ணும் கேக்கல. டாக்டர் இனிமே அவ்வளவுதான்னுட்டாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு."

மாஸ்டருக்கு எதைப் பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையில் சீப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எதுக்கோ தலையாட்டிட்டேன், எதுக்குன்னு தெரியல, எல்லாரும் சிரிச்சாங்கன்னு வந்து உக்காந்துட்டாரு. எதுக்குண்ணே சிரிச்சாங்க?"

மாஸ்டர் சீப்பின் பற்களை எண்ணினார். "சும்மா... படத்துல ஒரு காமெடி."

"வீட்டுல அதே படந்தான் எழுத்தோட ஓடுது. காது இல்லாட்டி என்ன, சௌரியமாப் பாக்கலாம். பாக்கத்தான் மாட்டேங்குறாரு. தனியாப் பாத்து என்னடி பண்ண, சண்டைக்கு ஆள் வேணாமாங்குறாரு."

அன்று மதியம் மாஸ்டர் ஒருவருக்கு மீசையை இரண்டு பக்கமும் சமமாக வெட்டப் போய், வலது, இடது, மறுபடி வலது என்று சமம் செய்துகொண்டே போய், கடைசியில் மீசை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டார். அந்த மனிதர் நல்லவர். இளமையாகத் தெரிகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சாதாரண முடிவல்ல, கட்சிகளின் சரித்திரத்தில் தலைவர்கள் உயிரே போனாலும் எடுக்காத முடிவு. கம்பாசிட்டரின் மனைவிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: மாஸ்டர் தோத்துட்டாராம், இந்த ஞாயித்துக்கிழமை கடையில எழுத்துப் போட்டுத்தான் படம் ஓடுதாம், பாக்கணும்னா வரச் சொன்னாருன்னு பெரிய எழுத்தா எழுதிக் காட்டும்மா. எதிரி தோற்பதைப் பார்க்க வராத மனிதன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கு பலித்தது. பத்து மணிக்குக் கம்பாசிட்டர் வந்தார். சலவைச் சட்டை. முகத்தில் மூன்று வாரத் தாடி. யாரையும் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், எழுத்து போடப் போறதாச் சொன்னாங்க?" என்றார் வேன் டிரைவர் பெஞ்சிலிருந்து. "யார் சொன்ன பொய்யி?"

"பொய்யில்ல. பக்கத்து மருந்துக் கடைக்காரர் சத்தம் ஜாஸ்தின்னு வருத்தப்படுறாரு. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு, எழுத்தையும் போட்டுருவோம்." மருந்துக் கடைக்காரருக்கு இந்த வருத்தம் இருப்பது அவருக்கே தெரியாது.

மாஸ்டர் ரிமோட்டை எடுத்து, அங்கே அமுக்கி, இங்கே அமுக்கி, ஒருமுறை டிவியையே அணைத்து, கடைசியில் எழுத்தை வரவழைத்தார். நிமிர்ந்து வெற்றிப் பெருமிதத்தோடு கண்ணாடியைப் பார்த்தார். 

எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால், கால் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு. வரி வலமிருந்து இடமாக ஓடியது.

"என்னங்க மாஸ்டர், எறும்பு புத்தை விட்டு ஓடுற மாதிரி ஓடுது?" என்றார் டிரைவர். "இதை எவன் படிப்பான்?"

இருபத்திரண்டு வருடமாகக் காதால் படம் பார்த்தவனுக்குக் கண்ணாடி எழுத்தைத் திருப்பிக் காட்டும் என்பது மறந்துவிட்டது. அதுவும் கண்ணாடி முன்னாலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு. காது கேளாதவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படிக்கவும் முடியாதபடி செய்து, இரண்டாம் முறையும் சபையில் வைத்து அவமானப்படுத்தியாகிவிட்டது. மாஸ்டர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றிக்கொண்டே நின்றார். நுரை கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது.

அப்போது கம்பாசிட்டர் சிரித்தார்.

ஒப்புக்குச் சிரித்த சிரிப்பல்ல. நாற்காலி குலுங்கியது. "சமையல்காரன் சொல்றான் பாருய்யா," என்று கூவினார். காது கேட்காததால் தெருமுனை வரை கேட்கும்படிதான் கூவினார். "‘நீங்க பழிவாங்கிட்டு வர்றதுக்குள்ள சோறு ஆறிடும்’ங்குறான்!"

பெஞ்சு வாயைப் பிளந்தது. "எங்க படிச்சீங்க?" என்றார் டிரைவர்.

மாஸ்டருக்குத்தான் முதலில் உறைத்தது. ஈய எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். தாளில் பதிந்தால்தான் நேராகும். முப்பத்தோரு வருடம் அந்த மனிதர் நாள் முழுக்கப் படித்ததெல்லாம் இப்படிப்பட்ட எழுத்தைத்தான். ஊரில் எல்லோருக்கும் எறும்பு; அவருக்கு மட்டும் அது நேரான வரி. மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, அவர் கன்னத்தில் நுரை பூசத் தொடங்கினார். கம்பாசிட்டர் ஒரு வரி விடாமல் சபைக்குப் படித்துச் சொன்னார். வேன் டிரைவர் முடி வெட்ட வந்ததையே மறந்து, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நச்சரித்தார்.

இப்படியே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த இடம் வந்தது.

குரு சாகக் கிடக்கிறார். கதாநாயகன் மண்டியிடுகிறான். மாஸ்டர் கத்தியை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்துக்கு மட்டும் அவர் எப்போதும் கத்தியை எடுத்துவிடுவார். குரல் வந்தது: "குருவே! உங்கள் ரத்தத்துக்குப் பதில் ரத்தம் பார்க்கும் வரை, விரித்த இந்தத் தலைமுடியை முடிய மாட்டேன்!" தலைமுடியைத் தொழிலாகக் கொண்டவர், அந்த வசனத்தைத் தனக்கென்றே எழுதியதாக நினைத்திருந்தார்.

"‘கதவைச் சாத்துங்க குருவே, குளிர் காத்து வருது’," என்று படித்தார் கம்பாசிட்டர்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "என்னது?"

"அவ்வளவுதான்யா எழுதியிருக்கு. குளிருதாம்," என்றார் கம்பாசிட்டர், கண்ணாடிக்குள் அவர் விழிப்பதைப் பார்த்து.

"குரு செத்துட்டிருக்காருய்யா! அப்ப எவனாவது குளிருதுன்னு சொல்வானா? எழுதினவன் சோத்துக்குப் போற அவசரத்துல எதையாவது கிறுக்கியிருப்பான். அதை வேதவாக்குன்னு படிக்கிறீங்களே, முப்பத்தோரு வருஷம் எழுத்துக் கோத்த மனுஷன், உங்களுக்கு வெக்கமா இல்ல?"

காது கேளாதவர் என்று தெரிந்தும் மறந்துவிட்டார். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒரு சண்டை கிடைத்த ஆவேசத்தில், பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துக் கத்திவிட்டார்.

கம்பாசிட்டரின் தலை ஆடத் தொடங்கியது. ஆறு மாதப் பழக்கம். ஆமாம் என்று ஆடும் ஆட்டம். "விடுங்க, ஆமான்னு சொல்லிட்டாரு" என்றார் டிரைவர், சமாதானமாக. மாஸ்டரின் கை அப்படியே நின்றது.

ஆடிய தலை பாதியில் நின்றது. கம்பாசிட்டர் கண்ணாடிக்குள் மாஸ்டரைத் தேடினார். மாஸ்டரின் முகம் சிவந்திருப்பதை மட்டும் பார்த்தார். அது யோசிக்க வேண்டிய முகம் என்று பட்டிருக்க வேண்டும். காலை ஊன்றி நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றி, ஒரு கன்னம் நுரையும் ஒரு கன்னம் வழவழப்புமாக, மாஸ்டருக்கு நேராகத் திரும்பினார்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார்.

"யோவ், எனக்குக் காது கேக்காதுய்யா. ஆறு மாசமா ஒரு எழவும் கேக்கல." பெஞ்சைப் பார்த்தும் சொன்னார். "கேக்கல. நீங்க எல்லாரும் சிரிச்சுக்குங்க, அப்புறமா." மறுபடி மாஸ்டரிடம் திரும்பினார். "முதுகுக்குப் பின்னால நின்னு ஜெயிக்கலாம்னு பாக்காதீங்க. மூஞ்சியைக் காட்டி, மெதுவா, வாயைத் திறந்து சொல்லுங்க. எழுத்தைத்தான் திட்டுறீங்கன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. வேன் டிரைவர் எழுந்து போய், டிவியின் சத்தத்தை ஏனோ முழுதாக அணைத்தார்.

மாஸ்டர் கத்தியைத் துடைத்து மேஜையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்பாசிட்டருக்கு எதிரே முழங்கால் முட்டும்படி உட்கார்ந்தார். பிறகு, ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "எழுதினவன். சோத்துக்கு. போற. அவசரத்துல. கிறுக்கியிருக்கான்."

கம்பாசிட்டர் அவர் உதட்டையே பார்த்தார். கடைசி வார்த்தை முடிந்ததும், நிதானமாக, மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்ப்பவரைப் போல, கண்ணைச் சுருக்கினார்.

"தப்பு," என்றார். "முழுக்கத் தப்பு. எங்கன்னு சொல்றேன், கேளுங்க."

மாஸ்டர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். கம்பாசிட்டரின் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.