முழங்கால் வரைக்கும் பனி

பொன்மலை ரயில்வே காலனியில் பனியைப் பற்றிப் பேசுவதில் அற்புதசாமியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். மனிதர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "முழங்கால் வரைக்கும் இருந்துச்சுங்க. காலை உருவுனா செருப்பு உள்ளேயே நின்னு போச்சு" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் விசிறியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவர் சமையல்காரர். ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற விக்டர், வருஷா வருஷம் மே மாதம் இலவசப் பாஸ் வைத்திருக்கும் ரயில்வே குடும்பங்களைத் திரட்டிக் காஷ்மீருக்குக் கூட்டிப் போவார். நாற்பது பேர், மூட்டை மூட்டையாய்ப் புழுங்கலரிசி, அண்டா, குண்டான், கூடவே அற்புதசாமி. நம் ஜனம் மலை பார்க்கத்தான் போகிறது. ஆனால் மத்தியானம் ரசஞ்சோறு இல்லாவிட்டால் மலையாவது மண்ணாவது!

1953-ல், முதல் தடவை, குல்மார்க்கில் ஊரில் வடிக்கிற நேரத்துக்கே சோற்றை வடித்துவிட்டார். அந்த உயரத்தில் புழுங்கலரிசி லேசில் வேகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாற்பது பேருக்கும் வயிற்றுவலி. விக்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்றிலிருந்து அற்புதசாமி அடுப்பை விட்டு நகர்வதில்லை. மற்றவர்கள் மட்டக்குதிரையில் ஏறி, மேலே கிலன்மார்க்கில் பனியில் சறுக்கி விளையாடப் போவார்கள். இவர் கீழே ஈர விறகை ஊதிக்கொண்டு கிடப்பார். பசியோடு திரும்புகிறவர்கள் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கிக்கொள்வார். தூரத்தில் வெள்ளையாகத் தெரியுமே, அதற்குமேல் அவர் பனியைக் கண்டதில்லை.

இதை வெளியில் சொல்ல முடியுமா? ஆறு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போய், புகையைத் தின்றுவிட்டு வந்தேன் என்றா? முதல் வருஷம் மனைவி ரோசரியிடம் ஒரு சின்னப் பொய் சொன்னார். அது வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது.

1964-ல் காய் நறுக்குகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"ஏங்க, அந்த வேலைக்கு நான் வரேனே. நீங்க சொல்ற பனியை ஒரு தடவை நானும் மிதிச்சுப் பாக்கணும்" என்றாள் ரோசரி.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குட்டு வெளிப்பட்டால் இந்த வயசில் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

குல்மார்க்கில் காலையில் குதிரைகள் வந்து நின்றன.

"நீ அவங்களோட போ ரோசரி."

"நீங்க வரல?"

"சோத்தை யாரு பாக்கறது?"

ரோசரி அடுப்பைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா யாரு பாத்தாங்க?"

அற்புதசாமி விறகைத் தள்ளினார். தள்ளவேண்டிய விறகே இல்லை. குதிரைகள் கிளம்பிப் போயின. கொஞ்ச நேரம் கழித்து ரோசரி அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"வேணாம் ரோசரி, நீ போ."

"போங்கன்னா போங்க."

நடந்தே போனார். ஐம்பத்தேழு வயசு. முப்பது வருஷமாக அடுப்படியில் குந்திக் குந்தித் தேய்ந்த முட்டி. பாதி ஏற்றத்தில், ஒரு தேவதாரு மரத்தடியில் கால் மடங்கிவிட்டது. மேலிருந்து நம் ஊர்க்காரர்களின் கும்மாளம் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரந்தான். எழுந்து பார்த்தார், முடியவில்லை. அட மாதாவே, இதுக்குத்தானா பதினோரு வருஷம் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு மெல்ல இறங்கி வந்தார்.

அவரே சொன்னார்.

"இன்னைக்கும் தொடல ரோசரி. பாதியிலேயே உக்காந்துட்டேன். ஒரு வருஷங்கூட நான் தொட்டதில்ல."

ரோசரி சோற்றைக் கிளறினாள். "பதினோரு வருஷத்துல நீங்க சொன்னதுலேயே இதுதாங்க நம்பற மாதிரி இருக்கு" என்றாள். ஒரு பருக்கையை எடுத்து நீட்டினாள். "வெந்துருச்சா பாருங்க."

"இன்னும் அரை மணி ஆகும்."

இருவரும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மறுநாள் விடிந்ததும் கூட்டம் கீழே இறங்கியது. ரோசரியும் பனியை மிதிக்கவில்லை.

பொன்மலைக்கு வந்த அன்று, தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு டோரதி கேட்டாள். "என்ன ரோசரியக்கா, பனி எப்படி இருந்துச்சு?"

பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த அற்புதசாமி அப்படியே நின்றுவிட்டார். ரோசரி அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"முழங்கால் வரைக்கும் இருந்துச்சு டோரதி. காலை உருவுனா செருப்பு உள்ளேயே நின்னு போச்சு."

அதற்குப் பிறகு அற்புதசாமி யாரிடமும் பனியைப் பற்றிப் பேசவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ரோசரிதான் சொன்னாள்.