மரியசூசை உட்கார்ந்த பந்தி

சேலத்தில் வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்காரர் மரியசூசைக்கு ஒரு பெருமை உண்டு. இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரின் மீன் கடையில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். முப்பத்தைந்தாம் வருஷம் விடுப்பில் ஊருக்குப் போன துரை, அவரையும் கப்பலேற்றிக் கூட்டிப் போயிருந்தார்.

கடையில் நீளமாக ஒரு பெஞ்சு, அதில் நாலைந்து வெள்ளைக்காரர்கள். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. மரியசூசைதான் முதலில் தின்று முடித்தார். ஆனால் பந்தியில் பக்கத்து ஆள் சாப்பிடும்போது எழுந்தால், வளர்த்தவர்களை அல்லவா ஊர் பேசும்? காத்திருந்தார். ஒருவர் எழுந்து போனால் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். பந்தி முடியவே இல்லை. மத்தியானம் உட்கார்ந்தவர், கடைக்காரர் கதவைச் சாத்த வந்தபோதுதான் எழுந்தார்.

"அத்தனை பேருக்கும் மரியாதை பண்ணிட்டுத்தான் எந்திரிச்சேன். அந்த அருமை அவங்களுக்குத் தெரியல" என்று மாதா கோயில் வாசலில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டபடியே அந்தக் கதையை மறுபடியும் சொல்லி முடித்து, கை கழுவி, வெளியே கிளம்பினார். அப்போதுதான் மனைவி ஞானமேரி தனக்குச் சோறு போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, மொகந்தெரியாத வெள்ளக்காரங்களுக்காகப் பொழுது சாயற வரைக்கும் உக்காந்தீங்களே. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் என்னைக்காவது உக்காந்திருக்கீங்களா?"

மரியசூசை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ஞானமேரி தன் சோற்றில் குழம்புக்குப் பிறகு ரசம் ஊற்றினாள், ரசத்துக்குப் பிறகு மோர், மோருக்குப் பிறகு மறுபடியும் குழம்பு. அன்றைக்கும் பந்தி முடியவே இல்லை.