நாகதாளி மாப்பிள்ளை

சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்கள் படம் எடுக்கும் விதம் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஏரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு படம், மலைக்கு முன்னால் ஒரு படம், யாருடையது என்றே தெரியாத காருக்கு முன்னால் இரண்டு படம். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்கொரு திமிர். தொண்ணூறுகளின் நடுவில், பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்த காலத்தில், பழைய கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு பூ, பூச்சி, பறவை என்று திரிந்தேன்.

வசந்தம் வந்தால் லீவு நாட்களில் ரயிலேறி வாலிஸ் பக்கம் போய்விடுவேன். மலையைக் குடைந்த நீளச் சுரங்கத்தைத் தாண்டினால் வேறு நாடு போலிருக்கும். மழை குறைவு. சரிவெல்லாம் காய்ந்த புல்லும் கல்லும். சியோன் நகரத்துக் கோட்டைப் பாறைகளில் நாகதாளிக் கள்ளி தன்பாட்டுக்குப் படர்ந்து, மே முடிவில் மஞ்சளாகப் பூக்கும். ஊரில் வேலியோரம் கிடக்கிற அதே சாதிதான், கொஞ்சம் குள்ளம். கல்லின்மேல் பச்சை ஓணான் வெயில் காயும். ஒரு கொண்டலாத்திக் குருவி கொண்டையை விரிக்கும்வரை குப்புறப் படுத்துக் காத்திருந்து, முழங்கையில் ஏறிய முள்ளை ஒரு கிழமை பிடுங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் கொழும்பிலிருந்த அக்கா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சம்பந்தங்கள் குழம்பிவிட்டன. நான்காவது, வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை. அக்கா அனுப்பிய படங்களில் மற்றப் பெண்களெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல் முறைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றே எனக்கு வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது.

மாப்பிள்ளை சுவிஸில் நிற்கும் படம் சிலது வேண்டுமென்று பெண்ணின் தகப்பனார் கேட்டிருந்தார். நான் பன்னிரண்டு அனுப்பினேன். பதினொன்றில் நாகதாளி, ஓணான், கொண்டலாத்தி. கடைசியில் மட்டும் நான். கமராவைக் கல்லின்மேல் வைத்து, தானாக அமுங்கும் விசையை முடுக்கிவிட்டு, ஓடிப்போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு சின்ன நாகதாளி இருந்தது. அந்த நொடியைத்தான் கமரா பிடித்தது.

மூன்று கிழமை கழித்து நான் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். அக்கா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நீ இப்ப எந்த நாட்டில நிக்கிறாய்?"

பெண்ணின் தகப்பனாருடைய தங்கச்சி மகன் ஒருவனை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவில் எங்கோ இறக்கிவிட, அவன் ஒரு வருடமாக லண்டனில் இருப்பதாகத் தாய்க்கு எழுதிக்கொண்டிருந்தானாம். அதனால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் படங்களை ஆராய்ந்திருக்கிறார். காய்ந்த நிலம், கள்ளி, ஓணான், நடுவில் வேதனையில் கோணிய ஒரு முகம். பாவம், பெடியன் தண்ணிவென்னி இல்லாமல் பாலைவனத்தில் கிடந்து சாகிறான் என்று இரக்கப்பட்டாராம். கடித உறையிலிருந்த சுவிஸ் முத்திரையை யாரைக் கொண்டும் ஒட்டுவிக்கலாமாம். விசாவைக் கொப்பி எடுத்து அனுப்பவா என்றேன். அதையும் கள்ளமாக அடிக்கிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

பேர்ண் நகர ஓரத்துப் பூம்ப்ளிஸில் என்னோடு அறையில் இருந்த அண்ணை இதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தார்.

"பனியும் காரும் இல்லாமல் ஆர் நம்புவினம்? வெளிக்கிடு."

பஸ் பிடித்து ஒரு மலைக் கணவாய்க்குப் போனோம். ஜூன் மாதம். மலையெல்லாம் பச்சை. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் மட்டும் ஊத்தைப்பனி ஒரு குவியல் மிச்சமிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புக் கார். அண்ணையின் தோல் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காருக்கு முன்னால் நின்றேன். காரின் சொந்தக்காரர் வந்து, நாங்கள் எடுத்து முடியும்வரை திறப்புச் சாவியும் கையுமாகப் பொறுமையாகக் காத்து நின்றார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அந்தப் படத்தையும் தகப்பனார் பார்த்தார். கொழும்புக் காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் இதே பனிமலை திரையில் கீறியிருக்கிறது, கார்கூட அங்கே அட்டையில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

சிரித்த முகத்துப் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமே என்று நினைக்கவே அழுகை வந்தது. அனுப்பாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவளிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு அவள் எழுதிய முதல் கடிதம், அரைப் பக்கம்கூட இல்லை.

"பொய் சொல்ல நினைக்கிற ஒருவர் சுவிஸ் என்று சொல்லி நாகதாளியை அனுப்பமாட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்துவிட்டார். உங்கள் பன்னிரண்டு படங்களையும் நான் வைத்துக்கொள்கிறேன். கார்ப் படத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனிமேல் இப்படியெல்லாம் நின்று படம் எடுக்காதீர்கள்."