பூஜைக்கு வைத்த ஹெல்மெட்

உடைந்த வெள்ளைப் பூசணிக்காயில் குங்குமம் கரைந்து, தார்ச்சாலையின் சூட்டில் புளிக்கும் வாசனை. ஆயுத பூஜை வந்தால் பெங்களூர் முழுக்க இதுதான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். எனக்கு அங்கேயே கால் நின்றுவிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். அந்தச் சிவந்த சதையைத் தாண்டத் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜோகுபாளையத்தில் வீடு. அப்பாவிடம் ஒரு பழைய பைக். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். இரண்டு பேரும் சேர்ந்தால் எது ஆபத்து என்ற சண்டைதான்.

“மாப்ள, கார்ல உன்னச் சுத்தித் தகரம். பைக்ல தகரத்தச் சுத்தி நீ. அவ்ளோதான் வித்தியாசம்.”

“சும்னே பயமுறுத்தாத மச்சான். உன் டப்பாக்குள்ள மாட்டினா வெட்டித்தான் எடுக்கணும். பைக்குன்னா நான் குதிச்சிருவேன்.”

குதித்துவிடுவாராம். நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து ஹெல்மெட் வாங்க வைத்தாள்.

அந்த வருடப் பூஜைக்கு ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மணை, என் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் அடுக்கினோம். புத்தகங்களின் உச்சியில் ஹெல்மெட்டை வைத்தது நான்தான். சந்தனம் தடவினேன், பொட்டும் வைத்தேன். சாமி தொட்டால் இன்னும் கெட்டியாகும் என்று நினைப்பு. பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ‘படி’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மாலையில் பொரி, கடலையோடு பொம்மனஹள்ளி அத்தை வீட்டுக்குப் புறப்பட்டோம். மாமா முதலாளியிடம் கேட்டு, சாமந்தி மாலை போட்ட காரோடு வந்திருந்தார். அப்பா மட்டும் ஏறவில்லை. பூஜை போட்ட வண்டியைச் சும்மா நிறுத்தினால் கோபித்துக்கொள்ளும் என்றார்.

மடிவாளா தாண்டி ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய். மாமாவின் கார் அதன் மேல் ஏறித்தான் போனது. நாலு சக்கரத்துக்கு ஒரு குலுக்கல்கூட இல்லை. நான் பின்சீட்டில் பொரி தின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த இரண்டு சக்கரம் வழுக்கியது. வேகமே இல்லையாம். உடம்பில் ஒரு கீறல் இல்லையாம். தலை மட்டும்.

அப்பா குதிக்கவில்லை.

மாமா அதன்பின் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வாதத்தில் ஜெயித்தவர் அவர். அவ்வளவு பாழடைந்த முகத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

இதை மட்டும் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. புறப்படும்போது, அம்மா காரில் ஏறிய பிறகு, அப்பா ஹெல்மெட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் ஓடிப்போய் மறித்தேன். பக்தியெல்லாம் இல்லை. ஹெல்மெட் இறங்கினால் அடியிலிருக்கும் கணக்குப் புத்தகமும் இறங்கிவிடும், திரும்பி வந்ததும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார் என்ற பயம். உலகத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து எதுவும் எனக்கு அன்று தெரியாது.

“சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாதுப்பா!”

நீட்டிய கையை என் தலையில் வைத்துச் சிரித்தார்.

“சரிடி அம்மா, இன்னிக்கு சாமியே போட்டுக்கட்டும். நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன்.”